மீனுக்கு கியாரண்டி கிடையாது, சார்!

"மீன் மாட்டலைன்னா பணம் வாபஸா?"

போனில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். "கிடையாது சார்" என்பேன். பாதிப் பேர் அங்கேயே கட். மீதிப் பேர்தான் என் கஸ்டமர்கள்.

தொழில்? சென்னைக்குத் தெற்கே கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் நாலு பேரைக் கடலுக்குள் அழைத்துப் போய், தூண்டில் போடச் சொல்லிக் கொடுத்து, மத்தியானத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது. படகு ஓட்டுவது ஐம்பதைத் தாண்டிய மீனவ அண்ணன் ஒருவர். நான் தூண்டில் வாத்தியார் கம் கேஷியர்.

வருகிறவர்களில் முக்கால்வாசி ஆபீஸ் இளைஞர்கள். "ரெண்டு இட்லியோட நிறுத்திக்குங்க. படகுல செல்போனைப் பார்க்காதீங்க, அடிவானத்தைப் பாருங்க" என்று படித்துப் படித்துச் சொல்வேன். பூரி, பொங்கல், வடை என்று ஒரு கட்டு கட்டிவிட்டு வந்து செல்ஃபி எடுப்பார்கள். பத்தாவது நிமிஷம் மீன்களுக்கு டிபன்!

தப்பிப் பிழைத்தவர்களுக்கு அடுத்த பாடம். வஞ்சிரத்தின் பல் கத்தரிக்கோல் மாதிரி. அதனால் முள்ளை ஒட்டி ஒரு சாண் கம்பி கட்டியிருப்போம். மாட்டியதும் வெறிபிடித்தாற்போல் ரீலைச் சுற்றக் கூடாது. அது ஓடும்போது விட வேண்டும். களைத்து நிற்கும்போது சுற்ற வேண்டும். பிரேக்கை ரொம்ப முறுக்கினால் தங்கூசி 'டப்'! "மேனேஜர்கிட்ட இன்க்ரிமென்ட் கேக்கற மாதிரி சார்" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அண்ணனுக்கு ஜி.பி.எஸ். எல்லாம் வேண்டாம். கரையில் சர்ச் கோபுரத்தையும் பின்னால் ஒரு டவரையும் ஒரே கோட்டில் வைப்பார். தள்ளி இன்னொரு ஜோடி. ரெண்டு கோடும் வெட்டுகிற இடத்தில், அடியில் பாறை. பாறை இருந்தால் மீன் இருக்கும். சில நாள் மீனுக்கு அந்த விஷயம் தெரியாது.

அப்படி ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஆபீஸிலிருந்து நாலு பேர். மூணு மணி நேரமாக ஒரு கடிகூட இல்லை. திடீரென்று கொஞ்ச தூரத்தில் ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தண்ணீரில் பாய ஆரம்பித்தன. கீழே மீன் கூட்டம் என்று அர்த்தம். எல்லோருக்கும் உயிர் வந்தது.

அண்ணன் பறவையைப் பார்க்கவில்லை. வடக்கே பார்த்தார். தண்ணீர் மேல் கறுப்பாக ஒரு கோடு.

"வாடை கிளம்புது தம்பி. திரும்பிடலாம்."

எனக்கு எஞ்சின் லோன் தவணை ஞாபகம் வந்தது. இந்த நாலு பேர் சந்தோஷமாகப் போனால் அந்த ஆபீஸே வருமே!

"அஞ்சு நிமிஷம்ண்ணே..."

அவர் பதில் சொல்லவில்லை. தூண்டில்களை எடுக்கச் சொல்லி, படகைத் திருப்பினார்.

"ஹலோ, பணம் குடுத்திருக்கோம்ல?" என்றார் ஒருவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் அவர் கட்சி.

நடுக்கடலைவிட, கரையோரம் அலை உடைகிற இடம்தான் படகுக்குப் பொல்லாதது. அண்ணன் வெளியிலேயே நிறுத்தி அலைகளை எண்ணினார். பெரிய அலைகள் போனதும், அடுத்ததன் முதுகிலேயே எஞ்சினை முறுக்கினார். அப்படியும் பின்னாலிருந்து ஒன்று வந்து அறைந்தது. படகு ஒருக்களித்து, நிமிர்ந்தது. பணம் கேட்டவர் என் கையைப் பிடித்திருந்தார். நகக்குறி நாலு நாள் இருந்தது.

மணலில் இறங்கி யாரும் பேசவில்லை. அரை மணியில் கரையோரம் முழுக்க வெள்ளை நுரை. என் அஞ்சு நிமிஷத்தை அதோடு கூட்டிப் பார்த்தேன். தொண்டை வறண்டது.

"நான் கேட்டிருக்கக் கூடாதுண்ணே."

"நீ கேக்கலாம் தம்பி. நான் குடுக்கக் கூடாது. அவ்ளோதான்" என்று எஞ்சினைக் கழற்றப் போய்விட்டார்.

பாதிப் பணத்தைத் திருப்பி நீட்டினேன். பணம் கேட்டவரே மறுத்துவிட்டார். போகும்போது கரையில் விற்ற ஒரு வஞ்சிரத்தை வாங்கி, தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அதே ஆபீஸிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் சொன்னார்:

"கியாரண்டி எல்லாம் வேணாம் சார். அவன் போன மாசம் பிடிச்சானே, அந்த சைஸ்ல ஆளுக்கு ஒண்ணு மாட்டினா போதும்!"