பரம்பில் புதைந்த நெல்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு கிடக்கிறது. ஊரார் அதைப் பரம்பு என்பார்கள். சுற்றிலும் நெல்லும் வாழையும் செழித்திருக்க, இந்த மேட்டில் மட்டும் முள்ளும் ஓட்டாஞ்சில்லும். 114 ஏக்கரில் பரந்த ஆதிச்சநல்லூர் இடுகாடு இதுதான்.

இங்கே இறந்தவர்களைப் புதைத்தது பெரிய மண்பானைகளான முதுமக்கள் தாழிகளில். முதுமக்கள் தாழி என்றதும் நம் வீட்டுக் கிழவிகள் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவே வராதாம்; வயதாக ஆகக் கைக்குழந்தையாய்ச் சுருங்கிவிடுவார்களாம்; விளக்கும் சோறும் வைத்துத் தாழியில் இறக்கிவிடுவார்களாம். இங்கே தாழிகளில் கிடைத்த எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. நடுவயதில் செத்தவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். சில தாழிகளில் முழு உடல் குந்தவைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் பொறுக்கி எடுத்த எலும்புகள் மட்டும். ஆனால் சோறு வைத்தார்கள் என்ற இடத்தில் கிழவிகள் சொன்னது முழுப் பொய்யில்லை.

1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-இலிருந்து சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2004-05 அகழாய்விலும் 150-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்கே எடுத்த மாதிரிகளில் ஒன்று கி.மு. 905 வாக்கிலானது என்று கரிமக் கணிப்பு சொன்னது.

என்னை நெகிழ வைப்பது குழிகள்தான். மேல்சரளைக்குக் கீழே பாறை. அதை வெட்டிக் குடைந்து, ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய பாறைச்சுவரை விட்டு, ஆள் உட்காரும் அளவுத் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். விளைகிற மண்ணை இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, போனவர்களுக்காகப் பாறையோடு மல்லுக்கட்டிய ஜனங்கள்!

உள்ளே வைத்ததில் கஞ்சத்தனம் இல்லை. எருமையும் ஆடும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள். நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்கள். முனைகளில் நூல் கோக்கச் சிறு துளைகள். சில பட்டங்கள் மடித்தே வைக்கப்பட்டிருந்தன. இனி அவற்றை வேறு யாரும் அணியக்கூடாது என்று மடித்தார்களோ? இரும்பு ஈட்டிகளும் வாள்களும் முனை கீழ்நோக்கி இருந்ததை ரீ கவனித்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனது போல இருந்தது என்றார்.

தாழிக்குள் போனவரோடு உறவு முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. புறநானூற்றில் ஒரு பெண், தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையும்படி குயவனிடம் கேட்கிறாள்.

ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் இருந்த சிறு கலயங்களில் நெல் உமியும் தினைவகை உமியும் இருந்தன. உமி இருந்தால் உள்ளே போனது சோறல்ல, குத்தாத நெல். அது வழிக்கு உணவா, போகிற இடத்தில் விதைக்கவா? எனக்கு விதைநெல்லாகவே படுகிறது. இன்றும் சுடுகாட்டில் நாம் வாய்க்கரிசி போடும்போது விரல் நுனியில் உருள்வது சமைத்த சோறல்ல, பச்சரிசி.