புதியவர் படிக்கும் பலகை

தரங்கம்பாடிக்கு வருகின்றவர்கள் நகர வாயிலைக் கடந்து ராஜ வீதிக்குள் நுழைகிறார்கள். டேனியர் காலத்து அவ்வாயில், இன்று நிற்கும் வடிவில் 1792ஆம் ஆண்டு எழுப்பப்பெற்றது. உள்ளூர்வாசிகளான நாம் அதன் வழியே நாள்தோறும் போய் வருகிறோம். எனினும் இவ்வீதியில் உள்ள அறிவிப்புப் பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரேனும் கேட்டால், சொல்லத் தெரியாமல் விழிப்போம். வழி தெரிந்தவர் பலகையைப் படிப்பதில்லை. புதிதாய் வருகின்றவரே நின்று, ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, அதை நம்பி நடக்கிறார். அண்மையில் ஒரு மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்த வேளையில் இச்சிறு உண்மை நமக்குப் பெரிதாய்த் தோன்றியது.

கணினியோடு அதிகம் பழகாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுவோம். கணினியின் எல்லாப் பணிகளுக்கும் அடிப்படையாய் நிற்கும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். அதனை ஒரு கணினியில் குடியேற்றுகின்ற நிரலுக்கு நிறுவி என்று பெயர். எந்த மொழி, எந்த நாடு, சேமிப்பகத்தின் எந்தப் பகுதி என்று நிறுவி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகளைக் கேட்கும். ஒவ்வொரு கேள்வியோடும் சில வரிகளில் ஓர் உதவிக் குறிப்பு இருக்கும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகளை வைத்திருப்போரில் சிலர், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளங்களின் பக்கம் திரும்பினர். நம் ஊரிலும் அத்தகையோர் உண்டு.

அவர்களுள் ஒருத்தி, மீன் விற்று வாழும் ஒரு தாயின் மகள், கல்லூரி மாணவி. தாய் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தாள். இயங்குதளம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, தானே நிறுவ முனைந்தாள். பாதி வழியில் திரையில் ஒரு குறிப்பு தோன்றியது: அடுத்த குறுந்தகட்டைத் தட்டில் வைத்துவிட்டுத் தொடரவும். அவளிடம் குறுந்தகடும் இல்லை; அவளுடைய கணினியில் தகடு வைக்கும் தட்டும் இல்லை. கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் நம்மிடம் வந்து, "சார், என் மெஷின்ல அந்தத் தட்டையே காணோம். கடைக்காரர் கழட்டிக்கிட்டுக் குடுத்துட்டார் போல," என்றாள். கண்களில் நீர் தளும்பி நின்றது.

கடைக்காரர் நாணயமானவர். கணினியிலும் குறையேதும் இல்லை. அந்தக் குறிப்பு மட்டுமே பழையது. தட்டுள்ள கணினிகள் வீடுதோறும் இருந்த காலத்தில் எழுதப்பட்ட வரி, காலம் மாறிய பின்னும் அங்கேயே கிடந்தது. "அதை விட்டுவிட்டு மேலே போம்மா" என்றோம். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. ஆயினும் அந்த இரண்டு நாள்களில் அவள் ஒரு நல்ல மனிதரைச் சந்தேகித்திருந்தாள். தன் தாயின் பணம் வீணாயிற்று என்று கலங்கியிருந்தாள். தன் அறிவையும் குறைவாக மதிப்பிட்டிருந்தாள். சந்தேகிக்க வேண்டிய ஒன்றை, திரையில் எழுதியிருந்த அந்த வரியை, அவள் கடைசிவரை சந்தேகிக்கவே இல்லை.

இது ஒரு கணினிக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் நிறுவி, தொடங்கியவுடன் நீலத் திரையின் அடியில் ஒரு வரியைக் காட்டும். வேறு நிறுவனத்தார் தந்த வட்டு இயக்கியைச் சேர்க்க வேண்டுமாயின் எஃப்6 விசையை அழுத்துக என்பது அதன் பொருள். அழுத்தினால், இயக்கியை ஃபிளாப்பி வட்டில் வைத்துத் தருமாறு கேட்கும். சில ஆண்டுகளில் ஃபிளாப்பி செருகும் துவாரமே இல்லாத கணினிகள் பெருகின. அவற்றுள் பலவற்றில் புதுவகை வன்வட்டை அந்த நிறுவியால் காணவும் இயலவில்லை. உதவி தேவைப்பட்டவர்க்கு, தம்மிடம் இல்லாத ஒரு பொருளைக் கொண்டு வரும்படி விடை கிடைத்தது. 2014 ஏப்ரல் 8இல் எக்ஸ்பியின் ஆதரவு முடியும்வரை அந்த வரி மாறவில்லை.

தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் என்னும் இயங்குதளத்திலும் இதன் சாயலைக் காணலாம். 1993இல் இயன் மர்டாக் என்பவர் தொடங்கிய திட்டம் அது. அதன் நிறுவி வேலை முடிந்தவுடன், குறுந்தகடு, ஃபிளாப்பி போன்றவற்றை எடுத்துவிடுமாறு நெடுங்காலம் சொல்லிவந்தது. பென் டிரைவில் நிறுவுவது பெருவழக்காகிப் பல ஆண்டுகள் சென்ற பிறகே, நிறுவும் ஊடகம் எதுவாயினும் எடுத்துவிடுக என்று அவ்வரி பொதுவாக மாற்றப்பட்டது. மிகச் சிறிய திருத்தம்தான். ஆனால் பென் டிரைவை எடுக்கத் தோன்றாமல் கணினியை மீண்டும் இயக்கி, முடிந்துபோன வேலை முதலிலிருந்து தொடங்குவதைக் கண்டு திகைக்கும் ஒருவருக்கு அத்திருத்தம் சிறியதாகுமா?

இந்தப் பழைய வரிகள் ஏன் இவ்வளவு காலம் நிலைத்துவிடுகின்றன? எழுதியவர்களின் சோம்பல் என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. காரணம் வேறு. உதவிக் குறிப்பு, ஒன்றும் அறியாத ஒருவருக்காக எழுதப்படுவது. அதைப் படிப்பவருக்கு அது தவறென்று தெரிய வழியில்லை. தவறென்று தெரிந்தவருக்கோ அதைப் படிக்க வேண்டிய தேவையில்லை. நூறு முறை நிறுவிய வல்லுநரின் விரல், குறிப்பு தோன்றும் முன்பே அடுத்த விசையை அழுத்திவிடும். ஆகவே அந்த வரியின் முதுமையைக் காண வேண்டிய கண்கள் அதன் பக்கம் திரும்புவதே இல்லை. கண்டு தடுமாறியவரோ, "எனக்குத்தான் தெரியவில்லை" என்று வெட்கி, வெளியில் சொல்லாமல் போய்விடுகிறார்.

தமிழில் படிப்போருக்கு இத்துன்பம் இரட்டிப்பாகிறது. இத்தகைய மென்பொருள்களில் மூல வரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தன்னார்வலர்கள் அதைத் தமிழாக்குவார்கள். பிறகு மூல வரி திருத்தப்பட்டால், பரவலாகக் கையாளப்படும் கெட்டெக்ஸ்ட் என்னும் முறை, பழைய தமிழாக்கத்தை ஐயத்துக்குரியது என்று குறியிட்டு ஒதுக்கிவிடும். தமிழர் ஒருவர் அமர்ந்து அதைத் திருத்தும்வரை அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். தமிழை நம்பி வாசலுக்குள் வந்தவர், நடு வழியில் மொழி மாறி நிற்பதைக் காண்கிறார். தமிழாக்கம் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் கொடையன்று. ஆண்டுதோறும் தூர்வார வேண்டிய வாய்க்கால். முதல் நாள் வெட்டியவருக்கு மாலை விழும். ஆண்டுதோறும் தூர் அள்ளுகின்றவரின் பெயர் எவருக்கும் தெரியாது.

நம் காவிரிப் படுகை உழவருக்கு இந்த இடர் அவ்வளவாக இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படும் என்பது எழுதாத சட்டம்போல் வழங்கி வருவது. ஆயினும் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை; 2020இல்தான் மீண்டும் குறித்த நாளில் நீர் வந்தது. அந்த எட்டு ஆண்டுகளிலும் நாட்காட்டியை மட்டும் நம்பி எந்த உழவரும் குறுவைக்கு நாற்றங்கால் போட்டுவிடவில்லை. அவர் வாய்க்காலைப் பார்த்தார்; வானத்தைப் பார்த்தார்; அணையின் நீர்மட்டத்தை விசாரித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அறிவதற்கு, முன்பே ஒருமுறையேனும் சுரைக்காயைக் கையில் எடுத்திருக்க வேண்டும் அல்லவா? முதன்முறையாகக் கணினியின் முன் அமர்பவருக்கு ஏடு ஒன்றுதான் துணை. அது பிழைத்தால் அவருக்கு வேறு கதியில்லை.

பழைய குறிப்பை அப்படியே விட்டுவிடாமல் புதுப்பிப்பது எப்படி என்பதற்கு நம் ஊரின் வரலாற்றிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 1706இல் இங்கு வந்திறங்கிய லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்க், தமக்குப் பின் வருவோர் தமிழ் கற்க ஓர் இலக்கண நூலை எழுதினார். அது 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. புதியவருக்கான உதவிக் குறிப்பு என்று அதையும் சொல்லலாம். சில ஆண்டுகளுக்குப் பின், இயேசு சபையைச் சேர்ந்த நம் வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அந்நூல் அச்சேறியது எங்கே? 1738இல், இதே தரங்கம்பாடியில், லூத்தரன் மிஷன் அச்சகத்தில்!

இரு தரப்பாரும் அந்நாளில் சமயக் கருத்துகளில் கடுமையாக மோதிக்கொண்டவர்கள். முனிவர் லூத்தரன் போதனையை மறுத்து நூல்களே இயற்றியிருந்தார். எனினும் புதிதாக வருகின்றவருக்குப் பயன்படும் நூல் என்றபோது, எதிர்முகாமின் அச்சுப்பொறி அவருடைய எழுத்துக்கு இடம் தந்தது. எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதுவே போதும் என்று அவர்கள் கதவை அடைத்துவிடவில்லை. கற்க வருபவரின் தேவை, தங்கள் நூலின் பெருமையைவிடப் பெரிது என்று அச்செயல் நமக்குச் சொல்வதாகவே கொள்கிறோம்.

திருத்தும்போது பழையதை முற்றும் அழித்துவிட வேண்டும் என்பதும் இல்லை. நிறுவியில் இந்திய நேரத்தைத் தேர்பவர், நேர மண்டலத்தின் பெயராகக் கொல்கத்தாவைக் காண்பார். 2001இல் அந்நகரம் பெயர் மாறிய பின்னும் உலகக் கணினிகளின் நேரப் பட்டியலில் கல்கத்தா என்ற பெயரே இருந்தது, 2008இல்தான் மாற்றினார்கள். ஆனால் பழைய பெயரைத் துடைத்தெறியவில்லை. கல்கத்தா என்று கேட்கும் பழைய கணினிக்கும் சரியான நேரம் கிடைக்குமாறு அதை மாற்றுப்பெயராக வைத்துக்கொண்டார்கள். புதியவருக்குச் சரியான சொல்லும், பழையவருக்குத் தடையில்லாத வழியும் ஒருசேரக் கிடைத்தன.

நம்மில் மென்பொருள் எழுதுவோர் சிலரே. ஆனால் ஏதேனும் ஒரு வாசலைக் கடந்து வந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். விண்ணப்பம் நிரப்பியவர் உண்டு. வங்கியில் கணக்குத் தொடங்கியவர் உண்டு. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர் உண்டு. அங்கே ஒரு பழைய குறிப்பு நம்மை இடறச் செய்திருந்தால், எப்படியோ உள்ளே வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் அதை மறந்துவிடுகிறோம். தடுமாறிய நினைவு மங்கிப்போவதற்குள் ஒருமுறை திரும்பி நின்று, இந்த வரி இப்போது பொருந்தாது என்று உரியவருக்கு எழுதிவிட்டால் என்ன? தன்னார்வலர்களின் இயங்குதளங்களில் யாரும் அப்படித் தெரிவிக்கலாம். தமிழாக்கத்திலும் யாரும் கைகொடுக்கலாம். குறிப்பு எழுதுவோர், அதை எழுதிய நாளையும் அடியில் குறித்து வைத்தால் படிப்பவர் அதன் வயதையேனும் அறிவார்.

நாம் திருத்தி வைக்கும் அந்த ஒரு வரியைப் படிக்கப்போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவரும் நம்மை அறியமாட்டார். நன்றி சொல்லவும் மாட்டார். இடறாமல் நடந்து போய்விடுவார். நமக்கு அதுவே போதும்.