அம்மான் வழியாகக் குச்சவெளிக்கு

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடியப்புறம் ஈராக்கின் படை குவைத்துக்குள் வந்தது. அடுத்த நாள் வெள்ளி இரவு, இலங்கையின் கிழக்கில், காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்த விடுதலைப் புலிகள் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். முதலாவதை, குவைத்தின் ஹவல்லியில் நாங்கள் வேலை செய்த வீட்டின் மாடி ஜன்னலால் கண்ணாலேயே கண்டோம். இரண்டாவதைச் சில நாள் கழித்து, சத்தத்தைக் குறைத்துவைத்த ரேடியோவில், பிபிசி தமிழோசையில் கேட்டோம்.

என் புருஷன் ரேடியோவை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இஞ்ச இருந்தாலும் மௌத்து, அங்க போனாலும் மௌத்து. அங்கயே போவம் புள்ள. மகன் அங்கதானே இருக்கான்."

எங்கட ஊர் குச்சவெளி. திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளி தாண்டி, புல்மோட்டைக்குப் போகும் கடற்கரை வீதியில் இருக்கிறது. இவர் புல்மோட்டையில் இல்மனைற் மண் ஏற்றும் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். 1985க்குப் பிறகு அந்த வீதி ஒருநாள் திறந்திருக்கும், நாலுநாள் பூட்டியிருக்கும். லொறி நின்றது, வருமானமும் நின்றது. 1988இல் ஒரே வீட்டுக்கு இவர் டிரைவராகவும் நான் கத்தாமாவாகவும், அதாவது வீட்டு வேலைக்காரியாகவும், போக விசா வந்தது. புருஷனும் பெண்சாதியும் ஒரே கபீலிடம், அதாவது விசா தந்த எசமானிடம், வேலை செய்யக் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டினோம். மூன்று வயது மகனை உம்மாவிடம் விட்டோம்.

அந்த நாளில் குவைத்தில் இலங்கையர் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். முக்கால்வாசிக்கு மேல் என்னைப் போல வீட்டு வேலைக்குப் போன பெண்கள்தான் என்று பார்க்கிற இடமெல்லாம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கெசட்டில் பேசி அனுப்புவார்கள். தெரிந்தவர்களும் அதைத்தான் விரும்புவார்கள், குரல் கேட்கலாமே. உம்மாவின் கடைசிக் கெசட் மே மாதக் கடைசியில் வந்தது. ஒரு பக்கம் முழுக்க வெங்காயம் என்ன விலை போனது, யாருக்குக் கலியாணம், ஆட்டுக்குக் குட்டி எத்தனை என்று கதை. மறுபக்கத்தில் மகன் சூறத்துல் பாத்திஹா ஓதி, நடுவில் மறந்து, உம்மாவிடம் அடி வாங்கி, அழுது, பிறகு ஓதி முடிக்கிறான். ஜூன் 11க்குப் பிறகு கிழக்கில் மறுபடியும் யுத்தம். கடிதமும் இல்லை, கெசட்டும் இல்லை.

ஆக, ஆகஸ்ட் மாதத்தில் எங்களுக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. எங்கட கபீல் நல்ல மனுஷன். குடும்பத்தோடு சவூதிப் பக்கம் போகிற இரவு, எங்கள் கடவுச்சீட்டு இரண்டையும் கையில் தந்து, வீட்டுச் சாவியையும் தந்துவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த இரண்டு சின்னப் புத்தகத்தின் மதிப்பு எனக்கு விளங்கவில்லை. அக்கம்பக்கத்தில் எத்தனையோ பெண்களின் கடவுச்சீட்டு எசமானின் பெட்டகத்துக்குள் கிடந்தது, எசமான் எல்லையைத் தாண்டியிருந்தார். வங்கி பூட்டு. சம்பளம் இல்லை. குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒன்றுக்கு ஒன்று என்று ஆணை வந்ததும், சேர்த்துவைத்த காசின் பெறுமதி ஒரே இரவில் விழுந்தது. மிச்சம் இருந்தது நான்கு காப்பு. பாவாடை விளிம்பைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஆள் சேர்த்து ஒரு பஸ் பிடித்தோம். ஜஹ்ரா தாண்டி, முத்லா மேட்டில் ஏறி, சப்வான் எல்லைக்கு வந்தபோது அங்கே எல்லையே இல்லை. குவைத் இனி ஈராக்கின் 19ஆவது மாகாணம் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு நாட்டைவிட்டு வெளியேறினோம் என்பதற்கு யாரும் முத்திரை குத்தவில்லை. பஸ்ராவில் ஒரு இரவு. அங்கிருந்து பக்தாத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஐ.நா.வின் பொருளாதாரத் தடை வந்த பிறகு ரொட்டிக் கடை வாசலில் அந்த நாட்டுச் சனங்களே காலையில் இருந்து வரிசையில் நின்றார்கள். ஆனாலும் ஒரு கிழவி தன்னுடைய ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள். சண்டையை யார் தொடங்கினார்கள் என்பதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்தாத்திலிருந்து மேற்கே ரமாதி, ருத்பா. அதற்குப் பிறகு மரம் என்று ஒன்று கண்ணில் படவில்லை. திரெபில் என்ற இடத்தில் ஈராக்கின் காவல் சாவடி முடிகிறது. ஜோர்தானின் ருவைஷித் சாவடி அதற்கும் எத்தனையோ கிலோமீட்டருக்கு அப்பால். நடுவில் கிடப்பது யாருடைய நிலமும் இல்லை. அந்த வெட்டையில்தான் ஷாலான் முகாம். ஜோர்தான் சின்ன நாடு, தண்ணீருக்கே தட்டுப்பாடான நாடு. அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் பல லட்சம் பேர் அதன் வாசலில் வந்து நின்றார்கள். எகிப்துக்காரர், வங்காளதேசத்தார், பிலிப்பைன்ஸ்காரர், இந்தியர், நாங்கள். அவர்களும் எவ்வளவைத் தாங்குவார்கள்?

பகலில் தறப்பாளுக்குள் இருக்கேலாது, வெளியிலும் நிற்கேலாது. இரவில் பல் கிட்டும் குளிர். தேள் இருக்கிறது என்று சப்பாத்தைத் தட்டித்தான் போடவேண்டும். எங்களிடம் சப்பாத்து ஏது? செருப்புத்தான். தண்ணீர் பவுசர் வரும்போது பெண்களின் வரிசை வேறு, ஆண்களின் வரிசை வேறு என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். இல்லாவிட்டால் பெண்களுக்குச் சொட்டும் கிடைக்காது. ரொட்டி லொறி நிற்காமலே எறிந்துகொண்டு போகும். இவர் ஒருநாள் ஓடிப்போய்ப் பிடித்த ரொட்டியை வேறொருவன் பறித்தான். இவர் அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டு, அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். திரும்பிவந்து, "அவன்ட கூடாரத்தில சின்னப் புள்ள இருக்கு" என்றார். அவனுக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு மகனின் ஞாபகம் வந்தது. இவருக்கும் அதுதான் வந்திருக்கவேண்டும்.

எங்கட கூடாரத்தில் குருநாகலைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெண்ணும், செங்கலடிப் பக்கத் தமிழ்ப் பெண்ணும் இருந்தார்கள். குருநாகல்காரியின் தம்பியை 1989இல் இரவில் வந்து கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. செங்கலடிக்காரிக்கு ஜூனுக்குப் பிறகு வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஏறாவூரில் ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு புலிகள் முஸ்லிம் சனத்தைக் கொன்றது எங்களுக்கு முகாமில்தான் தெரியவந்தது. செங்கலடியும் ஏறாவூரும் பக்கத்துப் பக்கத்து ஊர். நான் அன்று முழுக்க அவளோடு கதைக்கவில்லை. அவளும் என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம் தண்ணீர் வரிசைக்கு வாளி தூக்கப் போனபோது வாளியின் மறுபக்கத்தை அவள்தான் பிடித்தாள். வாளி பெரிது, ஒரு ஆளால் தூக்கமுடியாது. அவ்வளவுதான். அதைப் பெரிய ஒற்றுமைக் கதையாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

இந்தியர்களைத் தேடி அவர்களின் விமானம் வந்தது. அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏயர் இந்தியா ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் நாட்டுக்கு அப்படி அனுப்ப வசதி இல்லை. சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு பணக்கார நாடுகளின் காசில் வாடகைக்குப் பிடித்த விமானங்களில்தான் எங்கள் முறை வந்தது. ருவைஷித்தில் ஒரு அதிகாரி கடவுச்சீட்டைத் திறந்து, தேடி, வெறும் பக்கத்தில் முத்திரை குத்தினார். அஸ்ரக்கில் இன்னொரு முகாம். பிறகு அம்மான். செப்டம்பர் கடைசியில் கட்டுநாயக்கவில் இறங்கினோம்.

பயணம் முடிந்தது என்று நினைத்தோம். கொழும்பு மருதானையில் ஒரு பள்ளிவாசலில் தங்கியிருந்தபோது எங்கட பக்கத்து ஆள் ஒருவர் கண்டு, "குச்சவெளிக்கா? அங்க ஆர் இருக்கா? சனம் எல்லாம் எழும்பிட்டு" என்றார். தமிழ்ச் சனம் முல்லைத்தீவுப் பக்கமும், சில பேர் வள்ளத்தில் இந்தியாவுக்கும். முஸ்லிம் சனம் கிண்ணியாவுக்கும், திருகோணமலைக்கும், சொந்தக்காரர் இருக்கிற இடமெல்லாமும். உம்மாவைக் கிண்ணியாவில் கண்டதாக யாரோ சொன்னார்களாம்.

மூன்று நாட்டைக் கடந்து வந்தபோது இல்லாத பயம் ஹபரணை தாண்டிக் காட்டுக்குள் பஸ் இறங்கியபோது வந்தது. வழிநெடுகச் சாவடி. இறங்கு, நட, காட்டு, ஏறு. ஒரு சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். கெசட்டை எடுத்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார்கள். உம்மாவின் குரல் என்றேன். போட்டுக் கேட்க அங்கே கருவி இல்லை. கேட்க முடியாததை விடவும் முடியாது என்று வைத்துக்கொண்டார்கள். ஈராக்கிலும் ஜோர்தானிலும் எத்தனை பேர் அந்தப் பையைக் கிளறினார்கள், ஒருவரும் அதைத் தொடவில்லை.

கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் களப்பைக் கடக்கவேண்டும். 2009இல் சவூதியின் உதவியோடு கட்டிய 396 மீற்றர் பாலத்தில் இப்போது இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். அன்று பாதை அக்கரைக்குப் போய்ச்சேர்வதற்குள் இவர் எத்தனை தரம் எழும்பி இருந்தார் என்று கணக்கில்லை. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே பாயில், உம்மா இருந்தார். மகனுக்கு ஐந்து வயதாகியிருந்தது. என்னைத் தெரியவில்லை. "ஆரு இந்த ராத்தா?" என்று உம்மாவைக் கேட்டான். இவரிடம் மட்டும் போனான், முகச் சாடை பிடிபட்டிருக்கவேண்டும்.

ஊருக்கு ஒழுங்காகத் திரும்பச் சில வருடமானது. சுவர் நின்றது, ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. ஈட்டுக் காணி மூழ்கிப்போயிருந்தது. கட்டி எழுப்பியதை 2004 டிசம்பரில் கடல் வந்து பார்த்தது, அது வேறு கதை.

குவைத்தைவிட்டு வந்ததற்கு எங்களுக்குக் காசு கிடைத்தது. ஜெனீவாவில் ஐ.நா. இழப்பீட்டு ஆணைக்குழு என்று ஒன்றை 1991இல் அமைத்தார்கள். ஈராக் விற்கிற எண்ணெயில் ஒரு பங்கை எடுத்து, ஓடிவந்தவர்களுக்குக் கொடுப்பது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாக நாங்களும் படிவம் நிரப்பினோம். தனி ஆளுக்கு 2,500 டொலர், குடும்பத்துக்கு 5,000. வேறு பிரிவில் கேட்கமாட்டோம் என்றால் 4,000, 8,000. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேறியதற்கு அத்தாட்சி. ருவைஷித்தில் விழுந்த முத்திரைதான் அந்த அத்தாட்சி. பணம் வரப் பல வருடம் எடுத்தது, ஆனால் வந்தது. அதில்தான் ஓடு போட்டோம். அந்த ஆணைக்குழு 2022 ஜனவரியில் கடைசித் தவணையையும் கொடுத்துமுடித்தது. மொத்தம் 5,240 கோடி டொலர், சுமார் 15 லட்சம் பேருக்கும் நிறுவனங்களுக்கும்.

உம்மா குச்சவெளியைவிட்டு எழும்பியபோது யாரும் முத்திரை குத்தவில்லை. எந்தத் திகதி என்று கேட்டால் "வெங்காயம் கிண்டுகிற காலம்" என்பார். அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. பெரிய யுத்தத்தில் ஓடியவனுக்கு உலகம் கணக்குப் பார்த்தது. எங்கட கடற்கரையில் ஓடியவர்களை, தமிழரையும் முஸ்லிமையும், ஆள் ஆளாக அப்படி ஒரு கணக்கில் எழுதியதை நான் காணவில்லை. குவைத்தில் நாங்கள் இழந்தது இரண்டு வருடச் சம்பளம். இங்கே இழந்தது ஊர்.

உம்மா இப்போது இல்லை. ஆனால் 1990இல் நிலாவெளியிலும் கும்புறுப்பிட்டியிலும் குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் எழும்பிப் போனவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த மாதம், எந்த வழி, யார் யார் கூட வந்தது, விட்டுவந்த மாடு எத்தனை, வள்ளம் எத்தனை, காணி எவ்வளவு, அதன் எல்லை எது என்று கேட்டு எழுதுங்கள். கீழே அவர்களின் கையொப்பமோ பெருவிரலோ வாங்குங்கள். கேட்டு யாராவது ஒருநாள் வந்தால், நீட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்கவேண்டும்.