மூணு டொமைன், ஒரே டேட்டாபேஸ்: சாவி யார்கிட்ட?

டொமைன் என்பது வாசல். டேட்டாபேஸ் என்பது வீட்டுக்குள்ளே இருக்கிற பீரோ. வீட்டுக்கு மூன்று வாசல் வைத்தாலும் பீரோ ஒன்றாகவே இருக்கலாம். அதனால் "ரெண்டு மூணு வெப்சைட் ஒரே டேட்டாபேஸை யூஸ் பண்ண முடியுமா?" என்று யாராவது ஜூனியர் கேட்டால் பதில் ரொம்பச் சின்னது: முடியும். மைஎஸ்க்யூஎல்லுக்கு டொமைன் பெயரைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. கனெக்ஷன் எந்த மெஷினிலிருந்து வருகிறது, யூசர்நேம் பாஸ்வேர்ட் சரியா, அந்த யூசருக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான் பார்க்கும். கஷ்டமான கேள்வி அதற்கு அடுத்தது. பீரோ சாவியை யார் யாரிடம் கொடுப்பது?

இந்த வருஷம் எங்கள் டிபார்ட்மென்டில் அந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. அசோசியேஷனுக்கு ஒரு சைட், சிம்போசியத்துக்கு ஒன்று, அலும்னிக்கு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி டொமைன். கையில் இருந்த பட்ஜெட்டுக்கு, ஒரே ஒரு டேட்டாபேஸ் தரும் ஷேர்டு ஹோஸ்டிங் பிளான்தான் கண்ணில் பட்டது. ஃபைனல் இயர் அண்ணா ஒருவர், "எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்றலாம். பேரு, ரோல் நம்பர், போன் நம்பர்னு மூணு தடவை ஏத்திக்கிட்டு இருக்க முடியாது" என்றார். நியாயம்தான். மூன்று இடத்தில் வைத்தால், ஒருத்தர் நம்பரை மாற்றினதும் ஓரிடத்தில் புதுசும் மற்ற இரண்டில் பழசும் நிற்கும். ஆனால் கூட இருந்த ஒரு அக்கா வேறு ஒன்று கேட்டாங்க: "சிம்போசியம் சைட்டை வருஷா வருஷம் புதுசா ஒரு டீம் எழுதுது. அவங்க கோடு தொடுற இடத்துல என் நம்பர் எதுக்குப்பா இருக்கணும்?" அதுவும் நியாயம்தான்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்று தேடினபோது, நாம் அசைன்மென்ட்டுக்கு முந்தின ராத்திரி திறக்கிற இடத்திலேயே பதில் இருந்தது. விக்கிப்பீடியா!

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அதற்கு ஒரு டேட்டாபேஸ், ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஒன்று, தமிழ் விக்சனரிக்கு ஒன்று. நூற்றுக்கணக்கான சின்ன விக்கிகளின் டேட்டாபேஸ்கள் ஒரே சர்வர் தொகுப்பில் குடியிருக்கின்றன. ஆனால் ஒரே காம்பவுண்டுக்குள் தனித்தனி வீடு மாதிரி.

இதில் ஒரு தலைவலி இருந்தது. ஒரு கட்டுரை வேறு எந்தெந்த மொழிகளில் இருக்கிறது என்ற லிங்க் பட்டியலை, முன்பெல்லாம் ஒவ்வொரு மொழிக் கட்டுரையும் தனக்குள்ளேயே வைத்திருந்தது. ஒரு ஊரைப் பற்றி 20 மொழிகளில் கட்டுரை இருந்தால் 20 பட்டியல். ஒரு மொழியில் தலைப்பு மாறினால் மீதி 19 இடத்திலும் திருத்த வேண்டும். இதற்கென்றே பாட் புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருந்தன. 2012 அக்டோபரில் விக்கித்தரவு வந்த பிறகுதான் அந்தப் பட்டியல் ஒரே இடத்துக்குப் போனது. 2013 ஜனவரியில் ஹங்கேரிய விக்கிப்பீடியா முதலில் சேர்ந்தது. மார்ச்சில் மற்ற எல்லா மொழிகளுக்கும் வந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டவில்லை. கட்டுரைகள் அவரவர் டேட்டாபேஸில் அப்படியே இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவானது மட்டும் பொதுவில் இருக்கிறது. அதை எல்லா விக்கியும் எடுத்துப் படிக்கலாம். மாற்றம் மட்டும் ஒரே இடத்தில் பதிவாகும்.

லாகின் விஷயத்தில் அவர்கள் பட்ட பாடு இன்னொரு பாடம். ஆரம்பத்தில் ஒவ்வொரு விக்கிக்கும் தனிக் கணக்கு. ஒரே யூசர்நேமை இரண்டு விக்கிகளில் இரண்டு வேறு ஆட்கள் வைத்திருந்தார்கள். 2008 முதல் ஒருங்கிணைந்த கணக்கு வந்தாலும், மோதிக்கொண்ட பெயர்களை முழுசாகத் தீர்க்க 2015 ஏப்ரல் வரை ஆனது. அப்போது பல பேருடைய யூசர்நேமுக்குப் பின்னால் ஒரு நெளிகோடும் விக்கியின் பெயரும் ஒட்டிக்கொண்டன. தனித்தனியாக வளர்ந்த டேபிள்களைப் பிறகு சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இதிலிருந்து தெரியும். ஆளை அடையாளம் காட்டுவது எது, ரோல் நம்பரா, ஈமெயிலா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொன்று: டேட்டாபேஸ் ஒன்றாக இருப்பதால் மட்டும் லாகின் ஒன்றாகிவிடாது. ஒரு டொமைனின் குக்கியை பிரவுசர் இன்னொரு டொமைனுக்குக் கொடுக்காது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க ஒகேனக்கல் தண்ணி போதும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால், காவிரித் தண்ணீரை ஒகேனக்கல்லில் எடுத்துச் சுத்திகரித்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அனுப்புகிற கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. ஊருக்கு ஊர் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டத் தேவையில்லை. இது பகிர்வதன் லாபம். மெயின் லைன் உடைந்தால் அந்த லைனை நம்பியிருக்கும் எல்லா ஊர்த் தொட்டியும் காயும். இது நஷ்டம். ஆனால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாமே தவிர, பைப்புக்குள் எதையும் திருப்பி ஊற்ற வழி கிடையாது. டேட்டாபேஸிலும் அப்படித்தான் வைக்க வேண்டும். படிக்க மட்டும் வேண்டிய சைட்டுக்கு செலக்ட் அனுமதி மட்டும் போதும். இன்சர்ட், அப்டேட், டெலீட் எதற்கு?

மெயின் லைன் உடையுமா என்றால், உடையும். 2014 அக்டோபரில் ட்ரூபல் 7-ல் ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை வெளியானது. லாகின்கூடச் செய்யாத ஆள் வெளியிலிருந்தே டேட்டாபேஸுக்குள் கை வைக்க முடிந்தது. அந்த மாதிரி ஒரு சைட்டும் நம் சைட்டும் ஒரே யூசர்நேமில் ஒரே டேட்டாபேஸைப் பகிர்ந்தால், அங்கே உடைத்தவனுக்கு இங்கேயும் கதவு திறந்தமாதிரிதான். டேபிள் பெயருக்கு முன்னால் ஒரு பிரிஃபிக்ஸ் போட்டு வேர்ட்பிரஸ்ஸை இரண்டு தடவை இன்ஸ்டால் செய்யலாம், உண்மை. ஆனால் பிரிஃபிக்ஸ் என்பது பெயர்ப்பலகை, பூட்டு கிடையாது. போதாததற்கு, ரெஜிஸ்ட்ரேஷன் கடைசி நாளில் சிம்போசியம் சைட் அத்தனை கனெக்ஷனையும் பிடித்துக்கொண்டால், அலும்னி சைட்டும் சேர்ந்தே படுக்கும்.

கடைசியில் கொஞ்சம் காசு கூடப் போட்டு, பல டேட்டாபேஸ் தரும் பிளானுக்குப் போனோம். போன் நம்பர், முகவரி எல்லாம் அலும்னி டேட்டாபேஸில் மட்டும். பெயர், ரோல் நம்பர், வருஷம், இந்த மூன்றும் ஒரு சின்னப் பொது டேட்டாபேஸில். அதில் எழுதுவது அசோசியேஷன் சைட் மட்டும். மற்ற இரண்டும் படிக்கும். மூன்று சைட்டுக்கும் மூன்று யூசர், மூன்று பாஸ்வேர்ட். அண்ணா கேட்டபடி பெயர்ப் பட்டியலை ஒரே தடவைதான் ஏற்றினோம். அக்கா நம்பரும் சிம்போசியம் கோடுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

இது வெறும் டெக்னிக்கல் ஒழுங்கும் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்குச் சொல்லி ஒப்புதல் வாங்கினோமோ அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவுதான் அந்த ஒப்புதலில் அடங்கும் என்கிறது. அலும்னி மீட்டுக்கு என்று கொடுத்த நம்பர், ஈவென்ட் விளம்பர மெசேஜுக்குப் போகக் கூடாது என்பது நமக்கே தெரிந்த மரியாதைதான். சட்டமும் அதையே சொல்கிறது.

நீங்களும் இப்படி ஏதாவது கட்டப் போகிறீர்கள் என்றால், கோடு எழுதுவதற்கு முன் ஒரு பேப்பரில் எல்லா காலத்தையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில் வேண்டும்: இதை எழுதுவது யார், படிப்பது யார், வேலை முடிந்ததும் அழிப்பது யார்? மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், அந்தத் தகவலை வாங்கவே வேண்டாம். நாம் நாலு வருஷத்தில் போய்விடுவோம். நாம் சேர்த்து வைத்த நம்பர்கள் அங்கேயே இருக்கும்.