ஈப்போப் பயணம் – 3: பம்பளிமாசு மரத்தடியில்

சென்ற பகுதியை ஈப்போவின் கல்லுமலைக் கோயிலோடு நிறுத்தியிருந்தேன். மறுநாள் குழந்தைகளின் நாள்.

மலேசியாவில் இலையுதிர் காலம் கிடையாது. ஆனால் சீன நாள்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமி விழா நெருங்கினால் ஈப்போவின் குனோங் ராபாட்டில் ஒரு பருவமே மாறிவிடுகிறது. கடை வாசல்களில் காகித விளக்குகள், உள்ளே அடுக்கடுக்காக மூன் கேக். சாம் போ தோங் குகைக் கோயில் பக்கத்துச் சாலையோரக் கடைகளில் கயிறு கட்டிய பம்பளிமாசுகள் வரிசையாகத் தொங்குகின்றன. சீனர்களின் அந்த விழா பெரும்பாலும் நம் புரட்டாசியில்தான் வரும். வீட்டில் கவிச்சி இல்லாத மாதம் என்பதால் பழத்தோப்புக்குப் போவது எல்லோருக்கும் சம்மதமாகவே இருந்தது.

போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். எங்களுடையது கிள்ளானிலிருந்து வந்த கார். எண் பலகையில் சிலாங்கூரின் ‘பி’. விற்றவர் அதைப் பார்த்துக்கொண்டே, “தேன் மாதிரி இருக்கும்” என்று அடித்துச் சொன்னார். பத்து வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய பழத்தைப் பிரித்தால் சுளை முழுக்கச் சக்கை, சாறே இல்லை. திரும்பிப் போய்க் காட்டினோம். “உரிச்ச பழத்த வாங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார். விழாக்காலத்தில் விலை ஏறுவது நியாயம். கெட்டதை நல்லது என்று சொல்லி விற்பது எந்தக் காலத்திலும் நியாயமில்லை.

அந்த எரிச்சல் தம்புன் போய்ச் சேரும் வரைதான். ஈப்போவுக்குக் கிழக்கே சுண்ணாம்பு மலைகளின் அடியில் இருக்கிறது தம்புன். மலேசியாவில் பம்பளிமாசு என்றால் முதலில் வாயில் வரும் ஊர்ப் பெயர் இதுதான். 1880களில் ஈயம் தேடி ஆயிரக்கணக்கில் சீனர்கள் குடியேறிய கிந்தா பள்ளத்தாக்கு இது. ஈயச் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. பழ மரங்கள் இன்னும் காய்க்கின்றன.

நாங்கள் போன தோப்பு ஒரு சீனக் குடும்பத்துடையது. தவுக்கே (முதலாளி) வெளியே போயிருந்ததால், அங்கே வேலை செய்யும் தமிழர் ஒருவர் சுற்றிக் காட்டினார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் சின்னக் கத்தி. கூட வந்த என் அம்மாவைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தோட்டம்க்கா நீங்க?”

“கிந்தா கெல்லாஸ்.”

அவ்வளவுதான். அதன்பின் இருவரும் குழந்தைகளை நடுவில் விட்டுக்கொண்டு, கூடப் பிறந்தவர்கள் போலப் பேசியபடி நடந்தார்கள்.

கிந்தா கெல்லாஸ் தோட்டம் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உருவாக்கிய ரப்பர் தோட்டம். பத்து காஜா பக்கத்தில் அவர் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகைதான் இன்று சுற்றுலாப் பயணிகள் போகும் கெல்லி கோட்டை. சென்னையிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பரவிய ஸ்பானியக் காய்ச்சலில் வேலையாட்கள் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுந்த மாரியம்மன் கோயிலின் மேல், சாமிச் சிலைகளுக்கிடையே கெல்லி ஸ்மித்தின் சிலையும் நிற்கிறது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது.

வழிகாட்டியவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய ஆண்டுகளில் அவர் குடும்பமும் லயத்தைக் காலி செய்திருக்கிறது. “மரத்தத் தவிர எனக்கு வேற என்னக்கா தெரியும்? அதான் இங்க வந்துட்டேன்” என்றார்.

அவருக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. தாழ்ந்த கிளை ஒன்றில் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தார். ஈர மண்ணையும் தேங்காய் நாரையும் அதைச் சுற்றி வைத்து, பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினார். சில வாரத்தில் அந்த இடத்தில் வேர் இறங்கும். வெட்டி நட்டால் தாய் மரத்தின் குணத்தோடு புது மரம். ஏற்கெனவே வேர்விட்ட பதியம் ஒன்றைக் காட்டியபோது, பிளாஸ்டிக்குக்குள் வெள்ளை நூல்கள் சுருண்டிருந்தன. நாலு வயதுப் பையன் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, “மரம் பை மாட்டியிருக்கு” என்றான்.

மூத்தவளுக்கு ஏழு வயது. பூ எப்போது பழமாகும் என்று கேட்டாள். ஏறக்குறைய ஆறு மாதம் என்றார் அவர். பள்ளிக்கூட விடுமுறைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்போது அம்மா மரப்பட்டையைத் தடவிக்கொண்டே, தன் பால்மரக் கதையை ஆரம்பித்தார். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுப்பது. நெற்றியில் விளக்கு. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே வெட்டு. மங்குக் கிண்ணத்தில் பால் நிறைந்ததும் சேகரிப்பு. மறுநாள் உறைந்த ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுப்பது. பேத்தி இதையெல்லாம் கேட்டது அன்றுதான். “பாட்டி, நீங்க பயப்படலையா?” என்றாள். “பாம்புக்குப் பயம், கிராணிக்குப் பயம்” என்று அம்மா சொல்ல, வழிகாட்டியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு பழம். ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் கொடுத்து, எது கனம் என்று குழந்தைகளிடம் கேட்டார். கனமானதில்தான் சாறு இருக்கும். காம்புப் பக்கம் தொப்பி போல வட்டமாகச் சீவி எடுத்தார். மேலிருந்து கீழாகத் தோலில் மட்டும் கோடுகள் கீறினார், கத்தி சுளையைத் தொடவில்லை. தோல் இதழிதழாகப் பிரிந்தது. உள்ளே பஞ்சு போன்ற வெள்ளை, அதற்கும் உள்ளே சுளை. மெல்லிய தோலை நகத்தால் கிழித்து விரித்ததும் முத்துகள் உடையாமல் தனித்தனியாக நின்றன. முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் நாக்கில் லேசான கசப்பு. பையன் வாய் ஓயாமல் தின்றான். உரித்த தோலைக் கவிழ்த்து அவன் தலையில் வைத்தார் அவர். அன்று முழுக்க அவன் அதைக் கழற்றவில்லை. இங்குள்ள கன்டனியச் சமையலில் அந்தத் தோலும் வீணாவதில்லை. ஊறவைத்துக் கசப்பைப் பிழிந்தெடுத்துக் குழம்பாக்குகிறார்கள். கொதிக்கவைத்த இலைத் தண்ணீரில் குளித்தால் பீடை கழியும் என்பது சீனர்களின் நம்பிக்கை.

தோப்பு துப்புரவாக இருந்தது. தோல், இலை எல்லாம் ஒரே குழியில். கழிப்பறையில் தண்ணீரும் சவர்க்காரமும். ஆனால் தோப்புக்கு வெளியே சாலையோரம் நெடுக, வந்து போனவர்கள் எறிந்த நெகிழிப் பைகள். பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட வரும் பெற்றோர்கள்தான் இதைச் செய்கிறார்கள். வெட்கக்கேடு.

பிற்பகல் கதை சின்னது. கெக் லோக் தோங் குகையின் குளிர்ச்சி, பின்புறத் தோட்டம், குளம். குனோங் ராபாட்டின் பெயர்பெற்ற ஹியோங் பியா பிஸ்கட், தேங்காய் மட்டை நெருப்பில் வேகும் வாசனையோடு. சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். பிறகு மழை, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பம்பளிமாசைச் சாலையில் வாங்காமல் தோப்பிலேயே வாங்குங்கள். பழத்தைத் தூக்கிப் பார்க்க விடுவார்கள், காசும் வளர்த்தவர் கைக்கே போகும். அடுத்தது, வீட்டுப் பெரியவர்களுக்கு. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளிலும் இரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில வகைகளோடு இந்தப் பழம் ஒத்துப்போகாது. மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு உரியுங்கள்.