பெருங்கடற்சாலையில் தாத்தா

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் உள்ளது விக்டோரியா மாநிலம். அங்கே டார்க்கி என்னும் ஊரிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் நீளும் பெருங்கடற்சாலை, 'கிரேட் ஓஷன் ரோடு' எனப்படும். பல இடங்களில் ஒருபுறம் செங்குத்தான மலைச்சரிவும் மறுபுறம் ஓயாது அலையெறியும் கடலும் அமைந்திருக்கும்.

மெல்போர்ன் நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, ஊரிலிருந்து வந்திருந்த தாத்தாவை அச்சாலை வழியே அழைத்துச் சென்றது. தாத்தா தூத்துக்குடிக்காரர், நெடுஞ்சாலைத் துறையில் சாலைப்பணியாளராக உழைத்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதம் தங்க வந்த அவர் ஊர் திரும்ப ஒரு வாரமே எஞ்சியிருந்தது. பதினொரு வயதுப் பேரனுக்குத் தமிழ் கேட்டால் புரியும். பேச நா எழாது. தாத்தாவின் வினாவிற்கு அவன் ஆங்கிலத்தில் விடை சொல்வான். அம்மா அதனைத் தமிழில் எடுத்துரைப்பார். அம்மூன்று மாதமும் இவ்வாறே கழிந்திருந்தன.

ஈஸ்டர்ன் வியூ என்னுமிடத்தில், சாலையின் குறுக்கே நிற்கும் மர வளைவருகே வண்டி நின்றது. உறங்கும் தங்கையுடன் அம்மா வண்டியிலேயே இருந்தார். மலைச்சரிவை அண்ணாந்து நோக்கிய தாத்தா, "ஐயா, இதனை வெட்டியவர்கள் யார்?" என்று கேட்டார்.

பேரன் தகவற்பலகையைப் படித்தான். அம்மா இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். பின் தானே தொடங்கினான். "சோல்ஜர்ஸ், தாத்தா."

"படைவீரர்களா?"

"ஆமாம், படைவீரர்கள். சண்டை முடிந்து வந்தவர்கள்."

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர் ஏறத்தாழ மூவாயிரவர், 1919 முதல் 1932 வரை அச்சாலையை அமைத்தனர். போரில் மாண்ட தோழர்களுக்கு அதுவே நினைவுச்சின்னம். அவர்களுடைய கருவியைச் சொல்லத் தெரியாமல், பேரன் இரு கைகளையும் ஓங்கி வெட்டிக் காட்டினான். "குந்தாலி!" என்றார் தாத்தா. தாம் பல்லாண்டு பிடித்த கருவியன்றோ அது! அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் 'பன்னிரு அப்போஸ்தலர்' எனப்படும் சுண்ணாம்புப் பாறைத் தூண்களைக் கண்டனர். பெயரில் பன்னிரண்டு இருப்பினும் அங்கே அத்தனை தூண்கள் இல்லை. 2005ஆம் ஆண்டிலும் ஒன்று சரிந்து வீழ்ந்தது. அடுத்து, 'லண்டன் பாலம்' என்று பெயர்பெற்ற பாறையருகே பேரன் தானாகவே பேசினான். "முன்பு இரண்டு வளைவு, தாத்தா. 1990இல் கரைப்பக்க வளைவு விழுந்தது. அந்தப் பக்கம் இரண்டு பேர். வர வழி இல்லை. ஹெலிகாப்டர் வந்து காப்பாற்றியது."

தாத்தா கடலையே நோக்கியிருந்தார். "ஒரே நாளில் விழுந்திருக்காது, ஐயா. அலை சிறிது சிறிதாக அரித்திருக்கும். சாலையும் அப்படித்தான். சிறு பள்ளத்தை அன்றே மூடவேண்டும். விட்டுவிட்டால் ஒரு மழைக்குச் சாலையே போய்விடும்."

பின்னால் வந்து நின்ற அம்மா அதனைக் கேட்டார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே இத்தனை நாள் தாம் ஒருவரே வளைவாய் நின்றதை அவர் எண்ணிப் பார்த்தார்.

அவ்விரு நாளில் பேரன் கற்ற சொற்கள் இருபதுக்கு மேல் இரா. ஆயினும் இப்போது தூத்துக்குடியிலிருந்து தொலைபேசி ஒலித்தால், அம்மா அதனைப் பேரனிடம் தந்துவிடுகிறார். அருகில் நின்று மொழிபெயர்ப்பதில்லை.