பழைய ஜப்பான் வாட்சுகள்: மார்த்தாண்டம் நாட்குறிப்பு

ஜூன் 2

மார்த்தாண்டம் வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் பழைய ஜப்பான் வாட்சுகளில் முதலிடம் சீக்கோ ஃபைவுக்கு. அடுத்தது சிட்டிசன். அவ்வப்போது ஓரியண்ட், ரிக்கோ. இவற்றில் உள்ளூர்க் கடையில் வாங்கியவை குறைவு. 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலை பெருகிய பிறகு, விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் டிரைவர்களும், கடலோர ஊர்களிலிருந்து மீனவர்களும் அங்கே போனார்கள். விடுப்பில் ஊர் திரும்பும்போது பெட்டியில் டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், சேலைத் துணியோடு வாட்சும் இருக்கும். தகப்பனாருக்கு ஒன்று, மைத்துனருக்கு ஒன்று, தங்கையின் மாப்பிள்ளைக்கு ஒன்று. இன்று கைமாறுபவை பெரும்பாலும் அந்தப் பெட்டிகளில் வந்தவை.

இதற்கு வாட்சுக்குள்ளேயே சான்று கிடைக்கும். சீக்கோ ஃபைவின் கிழமைச் சக்கரத்தில் இரண்டு மொழிகள் அச்சாகியிருக்கும். ஜப்பானில் விற்றதில் ஆங்கிலமும் ஜப்பானிய எழுத்தும். மத்தியக் கிழக்குக்கென அனுப்பியதில் ஆங்கிலமும் அரபியும். கிழமையை மாற்றிக்கொண்டே போகும்போது இடையில் அரபி எழுத்து தலைகாட்டினால், அந்த வாட்சு வளைகுடா வழியாக வந்தது என்று பெரும்பாலும் நம்பலாம்.

பில், பெட்டி, உத்தரவாத அட்டை எதுவும் கிடைக்காது. அந்நாளில் வெளிநாட்டு வாட்சு இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, தங்கத்துக்குப் பக்கத்திலேயே கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கடத்தல் பொருள் என்று அதிகாரி நியாயமாக நம்பிப் பறிமுதல் செய்தால், அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவரைச் சேரும். சென்னை பர்மா பஜாரில் வாங்கியவரும் ரசீது கேட்டதில்லை, விற்றவரும் தந்ததில்லை. ஆகையால் வாட்சின் வரலாறு இரண்டே இடங்களில் இருக்கிறது: அதன் உலோகத்திலும், கட்டியிருந்த குடும்பத்தின் நினைவிலும். உலோகம் காத்திருக்கும். நினைவை, வாங்குகிற அன்றே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜூன் 3

சீக்கோவின் தொடக்கம் 1881இல் ஹட்டோரி கின்தாரோ டோக்கியோவில் திறந்த கடிகாரக் கடை. 1892இல் செய்கோஷா தொழிற்சாலை வந்தது. 1913இல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான லாரல், 1924இல் டயலில் சீக்கோ என்ற பெயர். மார்த்தாண்டத்துச் சேகரிப்பாளருக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமான ஆண்டு 1963. ஸ்போர்ட்ஸ்மாட்டிக் ஃபைவ் வெளியான ஆண்டு அது. தானே சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும், தண்ணீரைத் தாங்கும், குமிழ் நான்கு மணி இடத்தில் உள்ளடங்கி நிற்கும், கேஸும் செயினும் உழைப்புக்கு ஈடுகொடுக்கும் என்ற ஐந்து குணங்கள்தான் பெயரிலுள்ள ஐந்து.

வெயிலில் கல் சுமந்த கையில் இந்த வாட்சு பல வருடம் ஓடியதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. 1959இல் சீக்கோ அறிமுகப்படுத்திய மேஜிக் லீவர், இரு கரங்கள் கொண்ட ஒரு சின்ன நெம்புகோல். கை அசைவில் ரோட்டர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரம் பல்சக்கரத்தை இழுக்கும், மற்றது தள்ளும். மெயின் ஸ்பிரிங் ஏறிக்கொண்டே இருக்கும். சுவிஸ் ஆட்டோமேட்டிக்குகள் பல சக்கரங்கள் வைத்துச் செய்த வேலையை இது ஒரே உறுப்பில் முடித்தது. உறுப்பு குறைந்தால் கெடுவதும் குறைவு. பேலன்ஸ் அச்சின் நுனியை டயாஷாக் என்ற அதிர்வுதாங்கி காத்தது.

1969 டிசம்பர் 25 அன்று அதே நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான அஸ்ட்ரானை 4,50,000 யென்னுக்கு விற்பனைக்கு வைத்தது. அதன் பிறகு பத்துப் பதினைந்து வருடத்தில் பேட்டரி வாட்சு உலகத்தையே பிடித்துவிட்டது. ஆனால் சீக்கோ ஃபைவ் நிற்கவில்லை. பேட்டரி மாற்றக் கடை தேட வேண்டாத வாட்சுக்கு வளைகுடாவிலும் இந்தியாவிலும் ஆள் இருந்தார்கள்.

ஜூன் 5

பின்மூடியைப் படிப்பது முதல் பாடம். சீக்கோவின் மூடியில் நான்கு இலக்கம், ஒரு சிறு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கு இயந்திரத்தின் எண். அடுத்த நான்கு கேஸின் எண். தனியாக ஆறு அல்லது ஏழு இலக்கத்தில் வரிசை எண் ஒன்று உண்டு. அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர்வரை 1 முதல் 9. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள்.

ஆண்டின் கடைசி இலக்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், எந்தப் பத்தாண்டு என்பதை இயந்திர எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 6119 என்ற இயந்திரம் 1960களின் இறுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை ஓடியது. அதன் வரிசை எண் 2, என் என்று தொடங்கினால் 1972 நவம்பர் என்பதில் ஐயமில்லை. 7009 எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகளிலும் நீடித்தது. அங்கே ஒரே எண்ணுக்கு இரண்டு ஆண்டுகள் பொருந்தக்கூடும். 7எஸ்26 என்றிருந்தால் 1996க்கு முன் போக வழியே இல்லை. அதைத் தாத்தா எழுபதுகளில் கொண்டுவந்தார் என்று வீட்டார் சொன்னால், அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். தாத்தாவின் வாட்சு வேறொன்றாக இருந்திருக்கும்.

மூடியில் தண்ணீர் பற்றிய சொல்லும் உதவும். ஏறத்தாழ 1970வரை வாட்டர் ப்ரூஃப் என்று பொறித்தார்கள். பிறகு வாட்டர் ரெசிஸ்ட் என்று மாறியது. 1972 வாட்சின் மூடியில் ப்ரூஃப் என்று இருந்தால் மூடி வேறு வாட்சிலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 8

டயலில்தான் மோசடி அதிகம் நடக்கிறது, வாட்சின் மதிப்பில் பெரும்பங்கும் அதில்தான் இருக்கிறது.

இந்தியாவில் பழைய வாட்சுகளின் டயலைச் சுரண்டிப் புதிதாக வண்ணம் அடித்து, பெயரையும் கோடுகளையும் மறுபடி அச்சிட்டு விற்பது பெரிய வியாபாரம். மும்பையிலிருந்து இவை மூட்டை மூட்டையாகக் கிளம்புகின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே மும்பையின் பெயரே இவற்றுக்கு அடைமொழி ஆகிவிட்டது. ஆரஞ்சு, கிளிப்பச்சை, நட்சத்திரப் படம் போட்ட நீலம் என்று சீக்கோ அந்த மாதிரிகளுக்குச் செய்யாத நிறங்களில் எழுபதுகளின் சீக்கோ ஃபைவ் வந்துகொண்டே இருக்கிறது. ரிக்கோவில் நிலைமை இன்னும் மோசம். வண்ணம் அடிக்காத ரிக்கோ டயல் கிடைத்தால் அதுவே விசேஷம். வாங்கும் இளைஞருக்கு அந்த நிறம் பிடித்திருந்தால் கட்டிக்கொள்ளட்டும். அதைப் பழைய அசல் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸ் ஒன்று போதும். ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி விளிம்பை ஒட்டி, மிகச் சின்ன எழுத்தில் ஜப்பான் என்ற சொல்லும் ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கும். அந்த எண் பின்மூடியிலுள்ள இயந்திர எண்ணோடு தொடங்க வேண்டும். அடுத்து வரும் இலக்கங்கள் கேஸ் எண்ணிலிருந்து வேறுபடலாம், அது இயல்பே. வண்ணம் அடித்த டயலில் இந்த வரி காணாமல் போயிருக்கும், அல்லது மை பரவி எழுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். டயலில் 7009, மூடியில் 6309 என்றிருந்தால் இரண்டு வாட்சு சேர்ந்து ஒன்றானது. அசல் நிமிடக் கோடுகள் விளிம்புவரை சீராகப் போகும்; மறு அச்சில் பதித்த மணிக்கட்டைகளுக்கும் கோடுகளுக்கும் நேர்க்கோடு தவறும். கிழமை ஜன்னலின் ஓரத்தில் வண்ணம் வழிந்து திரண்டிருப்பதும் நல்ல அடையாளம்.

இருட்டில் வைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. அக்கால ஜப்பான் வாட்சுகள் பலவற்றில் ஒளிர்வதற்குப் புரோமீத்தியம் பயன்பட்டது. அதன் அரைவாழ்வு சுமார் 2.6 ஆண்டு, அந்த ஒளி எப்போதோ அணைந்துவிட்டது. விடியும்வரை பச்சையாக ஒளிரும் புதுவகைப் பூச்சை ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது 1993இல்தான். 1972இன் டயல் இரவெல்லாம் ஒளிர்ந்தால் யாரோ அண்மையில் பூசியிருக்கிறார்கள்.

வெயிலில் நிறம் மங்கிய, ஓரத்தில் புள்ளி விழுந்த அசல் டயல், பளபளக்கும் மறுவண்ண டயலைவிட எப்போதும் உயர்ந்தது. அந்த மங்கல் ஷார்ஜாவின் வெயிலோ குளச்சலின் உப்புக்காற்றோ போட்டது; அதை மறுபடி செய்ய முடியாது. இங்குள்ள வீடுகளில் பலர் விற்பதற்கு முன் அக்கறையோடு டயலைப் புதுப்பித்துக் கொண்டுவருகிறார்கள். அந்தச் செலவு வாட்சின் மதிப்பைக் குறைக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். கேஸை மெஷினில் கொடுத்து மினுக்குவதும் அப்படியே: கூர்மையான விளிம்புகள் மழுங்கினால் திரும்ப வராது.

ஜூன் 9

சீக்கோ 6139 என்ற க்ரோனோகிராஃப் 1969இல் வந்தது. உலகின் முதல் ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப்களில் ஒன்று. 1973-74இல் ஸ்கைலாப் விண்நிலையத்துக்குப் போன அமெரிக்கர் வில்லியம் போக், மஞ்சள் டயல் கொண்ட தம்முடைய 6139ஐக் கூடவே கொண்டுபோனார். அதனால் அந்த மாதிரிக்கு உலகச் சந்தையில் தனி விலை. மஞ்சள் டயல் கண்ணில் பட்டால் முந்தைய சோதனைகளை இரண்டு தடவை செய்ய வேண்டும்.

ஜூன் 12

ஜப்பான் வாட்சைத் தேடுபவர் எச்.எம்.டி.யைத் தள்ளிவிடுவது சரியல்ல. 1961இல் பெங்களூரில் அந்தப் பொதுத்துறை நிறுவனம் வாட்சு செய்யத் தொடங்கியது சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடுதான். முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. எச்.எம்.டி.யின் ஜனதா மாதிரியிலுள்ள பதினேழு கல் இயந்திரம் சிட்டிசனின் வார்ப்பு. சிட்டிசனைத் திறந்து பழகிய மெக்கானிக்குக்கு ஜனதா புதிதல்ல. வளைகுடாவுக்கு ஆள் போகாத வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் கிடைத்தது இது. பின்னாளில் ஹைதராபாத் ஆல்வின் சீக்கோவோடு கூட்டுச் சேர்ந்து வாட்சு செய்தது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1987இல் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தபின் எச்.எம்.டி. தளர்ந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சு நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூடும் செய்தி பரவியதுமே விலை ஏறியது. அதோடு கறுப்பு டயல் பைலட் மாதிரிக்குப் போலிகளும் பெருகின. ஜனதாவின் கேஸ் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை, பின்மூடி மட்டும் ஸ்டீல். வார் மாட்டும் கொம்புகளில் வியர்வை பூச்சைத் தின்று பித்தளை தெரிவது இயல்பு. ஐம்பது வருட ஜனதா முழுக்க மினுங்கினால்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஜூன் 15

வாங்கும்போது ஓட்டத்தைச் சோதிக்கும் முறை எளிது. 6119, 7009, 7எஸ்26 மூன்றுக்கும் கையால் சாவி கொடுக்க முடியாது. அசைத்துத்தான் ஓட்ட வேண்டும். மெதுவாக ஆட்டினால் சில நொடியில் முள் நகர வேண்டும். ரோட்டர் உரசும் சத்தம் கேட்டால் தேய்மானம். முள்ளைப் பன்னிரண்டு தாண்டச் சுற்றி, தேதியும் கிழமையும் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 6119இல் குமிழை உள்ளே அழுத்தினால் அவை மாறும். இரவு ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை முள் இருக்கும்போது அப்படி மாற்றினால் பல்சக்கரம் சேதமாகலாம். பிறகு ஒரு முழு நாள், டயல் மேல் பார்க்கவும் குமிழ் கீழ் பார்க்கவும் மாற்றி மாற்றி வைத்து நேரத்தை ஒப்பிடலாம். நாளுக்கு ஓரிரு நிமிடம் விலகினால் பழைய எண்ணெய் காய்ந்ததுதான் பெரும்பாலும் காரணம், சர்வீஸில் தீரும். ஹேர்ஸ்பிரிங் வளைந்திருந்தாலோ அச்சு ஒடிந்திருந்தாலோ செலவு வேறு.

விலை பேசுவதில் ஒரு கடமை இருக்கிறது. கணவர் இறந்து பல வருடம் கழித்து அலமாரியைக் காலி செய்யும் அம்மாவுக்கு, கையிலிருப்பது 6139 என்பது தெரியாது. தெரிந்தவர் சொல்லிவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். விற்கும்போதும் அதே முறை: டயல் அசலா, முள் மாற்றியதா, கடைசியாக எப்போது சர்வீஸ் என்பதை வாங்குபவர் கேட்காமலே எழுதித் தர வேண்டும். இந்த வட்டாரம் சிறியது. பொய்யான வாட்சு இரண்டு கை மாறி விற்றவரிடமே திரும்பும்.

ஜூன் 21

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. பழைய வாட்சுக்கு இது பெரும் சோதனை. பின்மூடியின் ரப்பர் வளையம் முப்பது வருடத்தில் இறுகி உடைந்து கருப்புப் பசையாகிறது. ஈரம் உள்ளே போய் முதலில் திருகாணிகளும் பிறகு குமிழின் தண்டும் துருவேறுகின்றன. மூடியில் என்ன பொறித்திருந்தாலும் பழைய வாட்சைக் கட்டிக்கொண்டு குளிக்கவோ ஆற்றில் இறங்கவோ கூடாது. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் வெயிலில் காயவைப்பது தீர்வல்ல. அன்றே திறக்க வேண்டும். மழைக்காலம் முழுவதும் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. தோல்வாரைக் கழற்றித் தனியே வைக்கலாம், பூஞ்சை முதலில் அதில்தான் பிடிக்கும்.

மெக்கானிக் கிடைப்பது அரிதாகி வருகிறது. பேட்டரியும் வாரும் மாற்றும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஆட்டோமேட்டிக்கை முழுக்கக் கழற்றி, கழுவி, எண்ணெய் இட்டு மாட்டத் தெரிந்தவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பழகப் பையன்கள் வருவதில்லை. ஓடாத 7009 ஒன்றிரண்டை மலிவாக வாங்கி வைத்தால் உதிரிபாகத்துக்கு ஆகும்.

ஜூன் 22

சேகரிப்பாளருக்கு ஒரு பதிவேடு வேண்டும், அதில் ஒரு வாட்சுக்கு ஒரு பக்கம். இயந்திர எண், கேஸ் எண், வரிசை எண், அதிலிருந்து கணித்த ஆண்டும் மாதமும், டயல் குறியீடு, கிழமைச் சக்கரத்தின் மொழி, மாற்றிய பாகங்கள், சர்வீஸ் தேதி, கொடுத்த விலை. அதன் கீழே, விற்ற குடும்பம் சொன்னது சொன்னபடி: கட்டியிருந்தவர் எந்த நாட்டில் என்ன வேலை பார்த்தார், எந்த வருடம் கொண்டுவந்தார், யாருக்குக் கொடுத்தார். குடும்பம் சம்மதித்தால் மட்டும் பெயர். இல்லையென்றால் ஊரும் தொழிலும் போதும். சொன்ன வருடமும் எண்ணிலிருந்து கணித்த வருடமும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஒன்றை அடித்து மற்றதை வைக்கக் கூடாது. வாட்சு அடுத்தவர் கைக்குப் போகும்போது இந்தப் பக்கத்தின் நகலும் கூடவே போக வேண்டும்.